போர் போட்டால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நிலவியல் படிப்பவனுக்கு ஊரில் ஒரே ஒரு வேலைதான் உண்டு என்று எல்லோரும் நம்புகிறார்கள்: போர் போட இடம் காட்டுவது. கல்லூரியில் முதலாண்டு, எந்தக் கல் எது என்று அடையாளம் காணவே நான் தடுமாறிக்கொண்டிருந்த நாட்கள். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மாமா போன் செய்தார். பின்னால் கம்ப்ரஸர் அலறிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, அறுநூறு அடி போயாகிவிட்டது. வெறும் புகைதான் வருகிறது. நிறுத்தச் சொல்லவா, இன்னும் நூறு அடி இறக்கச் சொல்லவா? ஊற்று எத்தனை அடியில் இருக்கும் என்று உன் புத்தகத்தில் போட்டிருப்பார்களே?"

புத்தகத்தில் அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை. மாமா மனத்தில் இருந்த படமே வேறு. உடம்பில் நரம்பு ஓடுவதுபோல மண்ணுக்கு அடியில் நீரோட்டங்கள் ஓடுகின்றன; சரியான இடத்தில் சரியான ஆழத்துக்குக் குத்தினால் நரம்பு அறுபட்டுத் தண்ணீர் பீறிடும். இந்தப் படம் மாமாவிடம் மட்டும் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்போர் கூட்டங்களிலும், டீக்கடையிலும், சில சமயம் செய்தித்தாளிலும்கூட இதே படம்தான் உலவுகிறது. லட்சக்கணக்கில் பணத்தைப் பூமிக்குள் இறக்கும் முடிவுகள் இதை நம்பித்தான் எடுக்கப்படுகின்றன. ஆகவே இதை முதலிலிருந்து பிரித்துப் பார்ப்போம்.

ஆற்று மணலில் ஒரு குழி

சித்திரை, வைகாசியில் வறண்டு கிடக்கும் வைகையையோ பாலாற்றையோ நினைத்துக்கொள்ளுங்கள். மணலைக் கையால் தோண்டுகிறோம். ஒரு சாண் ஆழத்தில் மணல் நிறம் மாறுகிறது. முழங்கை ஆழத்தில் கையில் ஒட்டுகிறது. இன்னும் கொஞ்சம் தோண்டினால் குழியின் அடியில் தண்ணீர் சேர்கிறது. முதலில் கலங்கல், பிறகு தெளிவு. சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தால், முன்பு நின்ற அதே மட்டத்துக்கு மறுபடி ஏறி நிற்கிறது.

இந்தக் குழியைப் பார்த்த யாரும் 'மணலுக்கு அடியில் ஓர் ஆறு ஓடுகிறது' என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீர் எங்கே இருந்தது என்பது கண்ணுக்கே தெரிகிறது. மணல் துகள்களுக்கு இடையே இருந்தது. குழி என்ற வெற்றிடம் கிடைத்ததும் சுவரிலிருந்து கசிந்து வந்தது. தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் சொல்லும் அதையே சொல்கிறது. ஊறுவதால் அது ஊற்று. 'நீரோட்டம்' என்ற சொல்தான் நம்மை வழி தவற வைத்தது என்பது என் கட்சி.

அந்தக் குழியை விட்டுப் போவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பத்தடி தள்ளி இன்னொரு குழி தோண்டினால் அங்கேயும் ஏறக்குறைய அதே மட்டத்தில் தண்ணீர் நிற்கும். ஒரு குழியில் வேகமாக மொண்டுகொண்டே இருந்தால், பக்கத்துக் குழியிலும் மட்டம் இறங்கும். பல்கலைக்கழகத்தில் நீர்நிலவியல் என்று ஒரு தாள் முழுக்கப் படிப்பது, ஒரு வகையில், இந்த இரண்டு கவனிப்புகளின் விரிவுரைதான்.

குழியில் தண்ணீர் நிற்கும் அந்த மட்டத்துக்கு நிலத்தடி நீர்மட்டம் என்று பெயர். அதற்குக் கீழே துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளி முழுவதும் தண்ணீர். அதற்கு மேலே ஈரம் இருக்கும், ஆனால் இடைவெளிகளில் காற்றும் இருக்கும். அந்த ஈரத்தைத் துகள்கள் பிடித்துவைத்துக்கொள்ளும், குழிக்குள் விடாது. செடியின் வேர் அதை உறிஞ்ச முடியும். நம் மோட்டாரால் முடியாது.

இரண்டு ஜாடிகள், ஒரு கல்

இடைவெளி என்று சொன்னோம். எல்லா மண்ணிலும் கல்லிலும் அது ஒரே அளவா?

எங்கள் ஆய்வகத்தில் முதல் பருவத்தில் செய்த ஒரு சோதனை இன்றும் நினைவில் நிற்கிறது. அடியில் குழாய் வைத்த கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் ஒரு லிட்டர் உலர்ந்த மணல், மற்றொன்றில் ஒரு லிட்டர் களிமண். மேசைமேல் ஒரு கருங்கல் துண்டு. எதில் அதிகத் தண்ணீர் பிடிக்கும் என்று ஆசிரியர் கேட்டார். வகுப்பே 'மணல்' என்றது.

அளவு குடுவையிலிருந்து மெல்ல ஊற்றினோம். மணல் ஏறத்தாழ 350 மில்லி குடித்துவிட்டு நிறுத்திக்கொண்டது. களிமண் சாயங்காலம் வரை குடித்துக்கொண்டே இருந்தது. அரை லிட்டரை நெருங்கியது. கருங்கல்லை இரவு முழுக்க ஊறவைத்து மறுநாள் எடை போட்டோம். தராசு முள் அசையவே இல்லை என்று சொல்லலாம்.

மறுநாள் ஜாடிகளின் அடிக் குழாயைத் திறந்தோம். மணல் ஜாடியிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கியது. குடித்ததில் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. களிமண் ஜாடியின் குழாய் முனையில் ஒரு சொட்டு தொங்கியது. தொங்கிக்கொண்டே இருந்தது. கஞ்சன் வீட்டுப் பணம் மாதிரி. நிறைய இருக்கும், கைக்கு வராது.

இதில் இரண்டு தனித்தனிப் பண்புகள் இருக்கின்றன. ஒரு பொருளின் பருமனில் எவ்வளவு பங்கு வெற்றிடம் என்பது புரைமை. அந்த வெற்றிடங்கள் ஒன்றோடொன்று இணைந்து, தண்ணீரை எவ்வளவு எளிதாகக் கடக்க விடுகின்றன என்பது ஊடுருவுதிறன். களிமண்ணுக்குப் புரைமை அதிகம், ஊடுருவுதிறன் மிகக் குறைவு. அதன் துளைகள் அவ்வளவு நுண்ணியவை. மணலுக்கு இரண்டும் உண்டு. எதில் இரண்டும் போதுமான அளவு இருந்து, கிணற்றுக்குத் தண்ணீர் தருகிறதோ, அந்த மண் அல்லது பாறை அடுக்குக்கு நீர்த்தாங்கி என்று பெயர். நீர்த்தாங்கி என்றதும் மாடியில் இருக்கும் தொட்டியைக் கற்பனை செய்யாதீர்கள். அது ஈரக் கல். அவ்வளவுதான்.

இந்த ஈரக் கல்லுக்குள் தண்ணீர் நகரவும் செய்கிறது, ஆனால் ஆறு போல அல்ல. பிரான்ஸின் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாய்களில் தண்ணீர் விட்டு அளந்து, 1856இல் அதன் விதியை எழுதினார். இரு முனைகளுக்கும் இடையே நீர்மட்ட வித்தியாசம் கூடினால் ஓட்டம் கூடும். கடக்க வேண்டிய மணலின் நீளம் கூடினால் ஓட்டம் குறையும். நல்ல மணலில் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் போனாலே அது வேகம். களிமண்ணில் ஓர் ஆண்டில் ஒரு சாண் நகர்ந்தாலும் ஆச்சரியம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நிலத்தடி நீர் என்பது இடைவெளிகளில் தங்கியிருக்கும் நீர். இடைவெளி எவ்வளவு என்பது ஒரு கேள்வி, அது விட்டுக்கொடுக்குமா என்பது வேறு கேள்வி.

கருங்கல்லுக்குள் தண்ணீர் எப்படி?

மணலைப் புரிந்துகொண்டால் காவிரிக் கழிமுகமும் கடற்கரையும் புரிந்துவிடும். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு அப்படிப்பட்டதல்ல. மேலே கொஞ்சம் மண், கீழே கெட்டிப் பாறை. மாமாவின் தோட்டமும் அதில்தான் அடக்கம்.

பல்லாவரம் மலையில் இருக்கும் கறுத்த பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கொல்கத்தாவில் இருக்கும் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அந்தக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். நம் ஊர்ப் பாறை உலகப் பாடப்புத்தகங்களுக்கு ஒரு கல்லறை வழியாகப் போன கதை இது. சேலம், தர்மபுரி, கோவைப் பக்கம் தோண்டினால் இந்தச் சார்னோகைட்டோ, வரிவரியான நைஸ் பாறையோ, கிரானைட்டோ கிடைக்கும். எங்கள் மேசைமேல் ஊறிய கருங்கல்லைப் போல இவற்றின் புரைமை நூற்றில் ஒன்றுகூடத் தேறாது.

பிறகு அங்கே தண்ணீர் எங்கே தங்குகிறது? இரண்டு இடங்களில். ஒன்று, மேலே மக்கிய பாறை. லட்சக்கணக்கான ஆண்டுகள் வெயிலும் மழையும் வேரும் தின்று, கல் உதிர்ந்து சரளையாகிப் போன பகுதி. இடத்துக்கு இடம் சில அடி முதல் நூறு அடி வரை இருக்கலாம். நம் தாத்தாக்கள் வெட்டிய திறந்த கிணறுகள் பெரும்பாலும் இந்தச் சரளையில் ஊறியவைதான். இரண்டு, அதற்குக் கீழே கெட்டிப் பாறையில் இருக்கும் வெடிப்புகள். பழைய வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் சுவர் முழுக்கவா கசிகிறது? விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் கசிகிறது.

போர் போடுவதை அருகில் நின்று பார்த்திருந்தால் இது விளங்கும். துளை போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நிற்கும். முதல் சில பத்து அடிக்குச் செம்பழுப்புத் தூள் வெளியே வரும். அது மக்கிய பாறை. அந்த இடம் சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்குவார்கள். பிறகு தூள் சாம்பல் நிறமாகி, மாவு மில்லில் பறப்பதுபோல முகத்தில் அப்பும். அதைத்தான் மாமா 'புகை' என்றார். கெட்டிப் பாறை அரைபடுகிறது, ஈரமே இல்லை என்று பொருள். வெடிப்பு ஒன்று குறுக்கிட்டால் புகை சட்டென்று நின்று, சேறாகக் குழம்பி, பிறகு தண்ணீர் தெறிக்கும். முப்பதடி தள்ளிப் போட்டிருந்தால் அந்த வெடிப்பு குறுக்கிட்டே இருக்காது. பக்கத்துத் தோட்டத்தில் முந்நூறு அடியில் கிடைத்தது என்பதால் நமக்கும் முந்நூறு அடியில் கிடைக்கும் என்று எந்தப் பாறையும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆழம் போனால் தண்ணீர் கூடும் என்பது அடுத்த மயக்கம். பாறையின் ஆழத்தில் மேலே இருக்கும் எடை கூடக் கூட வெடிப்புகள் இறுகி மூடிக்கொள்ளும். பொதுவாக ஆழம் கூடினால் வெடிப்புகள் குறையும். கோவைப் பக்கம் ஆயிரம் அடிக்கு மேல் போட்டும் தண்ணீர் எடுக்கிறார்களே என்றால், எடுக்கிறார்கள்தான். ஆனால் ரிக் வண்டிக்காரர் நூறு அடிக்கு ஒருமுறை அடிக்கான கூலியை ஏற்றுவார். கீழே தண்ணீர் அந்தக் கணக்கில் ஏறாது. நெடுங்காலம் பாறையோடு உறவாடிய நீர் பாறையின் உப்புகளையும் கரைத்துவைத்திருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு இப்படிப் பாறையிலிருந்து வந்ததுதான். பல்லும் எலும்பும் கெட்டுப்போன அந்த ஊர்களுக்குத்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இன்னொரு சின்னக் கணக்கு. ஆறரை அங்குல அகலப் போரில் முந்நூறு அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்கப் பெரிதாக இருக்கும். அந்தக் குழாயில் இருப்பது சுமார் 2,000 லிட்டர், வீட்டு மாடித் தொட்டி இரண்டு. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரக் கிணற்றில் ஐந்து மீட்டர் தண்ணீர் நின்றால் 5 லட்சம் லிட்டர். போர் என்பது சேமிப்பு இல்லை, உறிஞ்சும் குழல்.

நிரம்பிய கிணறு ஏமாற்றும்

ஐப்பசியில் நல்ல மழை. கிணற்றில் தண்ணீர் பதினைந்து அடி ஏறிவிட்டது. 'நிலத்தடி நீர் மளமளவென்று உயர்ந்தது' என்று செய்தி வரும். தை மாதம் மோட்டார் ஓட ஓட அதே வேகத்தில் இறங்கும். 'எங்கே போச்சு இவ்வளவு தண்ணீர்?' என்று கேட்போம். அவ்வளவு தண்ணீர் வரவே இல்லை என்பதுதான் பதில். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுச் சராசரியும் அந்தப் பக்கம்தான். அதில் பெரும் பங்கு ஆவியாகும், செடி குடிக்கும், ஓடை வழியாக ஓடிப்போகும். பாறை நிலத்தில் நீர்மட்டம் வரை இறங்குவது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போவது அரிது. தாராளமாகவே 90 மில்லிமீட்டர் என்று கொள்வோம், நான்கு விரற்கடை உயரத் தண்ணீர்.

மணல் நிலம், தன் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை வாங்கித் திருப்பிக் கொடுக்கக்கூடியது என்றால், இந்த 90 மில்லிமீட்டர் நீர்மட்டத்தை 45 சென்டிமீட்டர் உயர்த்தும், ஒன்றரை அடி. மக்கிய பாறை நூற்றில் இரண்டு பங்குதான் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் என்றால், அதே 90 மில்லிமீட்டர் நீர்மட்டத்தை நாலரை மீட்டர் உயர்த்தும், பதினைந்து அடி. வந்த தண்ணீர் இரண்டு இடத்திலும் ஒன்றே. அகலமான பாத்திரத்தில் ஊற்றுவதற்கும் சோதனைக் குழாயில் ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம். குறுகிய பாத்திரத்தில் கொஞ்சம் ஊற்றினாலே விளிம்பு தொடும், கொஞ்சம் எடுத்தாலே அடி தெரியும்.

சேலத்துக் கிணறு ஒரே மழையில் நிரம்புவதும், மூன்றே மாதத்தில் வற்றுவதும் ஒரே காரணத்தால்தான். நீர்மட்டம் என்பது உயரம். இருப்பு என்பது வேறு.

இதே கணக்கை வயலுக்குக் கொண்டுபோனால் சிரிப்பு வராது. ஒரு நெற்பயிருக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அதை முழுக்கப் போர்த் தண்ணீரிலேயே வளர்த்தால், ஓர் ஏக்கர் நெல், பத்து ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் ஓர் ஆண்டில் இறங்கிய மழையைக் குடித்துவிடுகிறது. வயலில் பாய்ச்சியதில் ஒரு பகுதி மறுபடி கீழே இறங்கும் என்பது உண்மை. அதைக் கழித்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீர் எடுக்கும் நாடு இந்தியாதான். அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து எடுப்பதைவிட நாம் எடுப்பது அதிகம்.

பக்கத்துத் தோட்டத்து மோட்டார்

ஆற்று மணல் குழிக்கு ஒரு நிமிடம் திரும்புவோம். வேகமாக மொண்டால் பக்கத்துக் குழியில் மட்டம் இறங்கியதல்லவா? மோட்டார் ஓடும்போதும் அதேதான். கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் ஒரு புனலைப்போலக் குழிகிறது. கிணற்றருகே ஆழமாக, தள்ளிப் போகப் போக ஆழம் குறைந்து. இதற்கு இறக்கக் கூம்பு என்று பெயர். இரண்டு கிணறுகளின் கூம்புகள் ஒன்றையொன்று தொட்டால் இருவருக்குமே மட்டம் கூடுதலாக இறங்கும். அவர் ஐந்நூறு அடி போனால் நான் அறுநூறு, நான் அறுநூறு என்றால் அவர் எழுநூறு. வேலி மண்ணுக்கு மேல்தான் இருக்கிறது. கீழே எல்லோருக்கும் ஒரே பாத்திரம்.

தானாக மேலே வரும் தண்ணீர்

சில இடங்களில் போர் போட்டதும் மோட்டார் இல்லாமலே தண்ணீர் தரைக்கு மேல் பொங்கும். ஊரே திரண்டு கற்பூரம் காட்டும். ரகசியம் எளிது. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் கீழே ஓட்டை போட்டால் தண்ணீர் மேல்நோக்கிப் பீய்ச்சும் அல்லவா? களிமண் போன்ற, நீர் புகாத இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு மணல் அடுக்கு சாய்வாகச் சிக்கிக்கொண்டால், அது ஒரு குழாய்போலாகிவிடும். தொலைவில், உயரமான இடத்தில், அந்த மணல் தரையில் தலைகாட்டும் இடத்தில் மழை உள்ளே நுழைகிறது. கீழே வர வர அழுத்தம் ஏறுகிறது. நாம் மூடியைத் துளைத்தால் பொங்குகிறது. இப்படிப்பட்ட கிணறு ஆர்ட்டீசியன் கிணறு; பிரான்ஸின் ஆர்த்துவா பகுதியிலிருந்து வந்த பெயர்.

நெய்வேலியில் இதுவே தலைவலியாகவும் ஆனது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீர். மேலே மண்ணை அள்ள அள்ள எடை குறைந்து, அடியிலிருக்கும் நீர் சுரங்கத் தரையையே பிளந்துகொண்டு வந்துவிடும் அபாயம். அதனால் 1960களின் தொடக்கத்திலிருந்து அங்கே நிலக்கரியோடு தண்ணீரையும் இரவு பகலாக இறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உப்பு எங்கே காத்திருக்கிறது

கடலோரத்தில் வேறொரு கணக்கு. கடல்நீர் நன்னீரைவிடச் சற்றுக் கனமானது. நூற்றுக்கு இரண்டரை பங்கு. அதனால் கடலோர மண்ணில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. எவ்வளவு மிதக்கிறது என்பதற்கு ஒரு தோராய விதி உண்டு: கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்கும். திருப்பிப் படித்தால்தான் வயிறு கலங்கும். மேலே ஒரு மீட்டரை உறிஞ்சிவிட்டால், கீழேயிருந்து உப்பு நாற்பது மீட்டர் மேலே ஏறப் பார்க்கும்.

சென்னைக்கு வடக்கே இது கண்முன்னே நடந்தது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்த்துவைத்த மணலிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் தர, 1960களின் இறுதியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணறுகள் போடப்பட்டன. விவசாயமும் அங்கேயே இறைத்தது. கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஒருமுறை உப்பேறிய மணலைக் கழுவி எடுக்கத் தலைமுறைகள் ஆகலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதன் துளைகளில் கடல்நீரின் மேல் வில்லைபோல மிதக்கும் மழைநீர்தான் வாழைக்கும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் குடத்துக்கும். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல நீர், ஆழத்தில் உப்பு நீர். அதில் போட்ட எலுமிச்சம்பழம் தொலைவில் கடலோரத்தில் இருக்கும் கீரிமலையில் போய் மிதந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். பழத்துக்கு நான் உத்தரவாதம் இல்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் நான் இதுவரை மறுத்துவந்த நிலத்தடி ஆறு, உலகில் எங்காவது உண்மையாக இருக்க முடியும் என்றால் அது பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையில்தான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெலிந்த அமிலமாகிறது. சுண்ணாம்பை மெல்ல அரித்து, வெடிப்பைப் பொந்தாக்கி, பொந்தைக் குகையாக்கிவிடுகிறது. கூரை இடிந்து விழுந்தால் நிலாவரை மாதிரி ஒரு பள்ளம். நரம்புக் கதைக்கு உலகில் கிடைக்கும் இடம் ஏறக்குறைய இவ்வளவுதான். சேலத்துக் கருங்கல்லில் அது நடக்காது.

தேங்காய், வேப்பங்குச்சி, நான்கு இரும்புக் கம்பி

தண்ணீர் இருக்கும் இடம் காட்ட, உள்ளங்கையில் தேங்காயை நிறுத்திக்கொண்டோ வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டோ நடப்பவரைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் ஊரில் விட மாட்டார்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. கை அறியாமலே அசையும். அசைவதை அவர் உண்மையாகவே உணர்கிறார். ஆற்றோர மணலில் எங்கே காட்டினாலும் தண்ணீர் வரும் என்பது அவருக்குச் சாதகம். பாறை நிலத்தில் வராமல் போன இடங்களை யாரும் கணக்கு எழுதிவைப்பதில்லை என்பது இன்னொரு சாதகம். ஆனால் நாற்பது வருடம் காடுமேடு சுற்றிய ஒரு கிழவர், கோடையிலும் பசுமை குறையாத மரவரிசையையும் புற்றையும் பள்ளத்தின் போக்கையும் பார்த்துத்தான் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரரும் புற்றையும் மரத்தையும் வைத்து நீர் பார்ப்பது பற்றி எழுதியிருக்கிறார். வேலை செய்வது கண். பெயர் வாங்குவது தேங்காய்.

நாங்கள் படித்த முறையில் நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில் மண்ணில் அடிப்போம். வெளிக் கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரம் செலுத்தி, உள் கம்பிகள் இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளப்போம். ஈரமான, உடைந்த பாறை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். காய்ந்த கெட்டிப் பாறை தடுக்கும். கம்பிகளை விலக்க விலக்க இன்னும் ஆழத்தின் சேதி தெரியும். இதுவும் அருள்வாக்கு அல்ல. களிமண்ணும் நன்றாகக் கடத்தும், உப்புநீரும் கடத்தும். அனுபவம் இல்லாதவர் களிமண்ணைக் காட்டி இங்கே தண்ணீர் என்பார். வாய்ப்பு எங்கே கூடுதல் என்று சொல்லலாம். மாமா கேட்டதுபோல எத்தனையாவது அடி என்று சொல்ல முடியாது.

உள்ளே அனுப்புவது

மழையை வேண்டுமென்றே நீர்த்தாங்கிக்குள் இறக்குவதற்குச் செறிவூட்டல் என்று பெயர். 'ஏரி நிறைந்தால் கிணறு ஊறும்' என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பல வீடுகளில் அது நிபந்தனைக்காகத் தோண்டிய ஒரு குழி. ஜாடிச் சோதனையை நினைவுவைத்திருந்தால் அந்தக் குழி எங்கே தோற்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் சாதாரணக் குழியே போதும். மழை உடனே இறங்கும். களிமண் பகுதியில் அதே குழி கொசுத்தொட்டியாகும். களிமண்ணைத் தாண்டி மணல் வரை துளை இறக்க வேண்டும். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் அடியில் பாறை. அங்கே மக்கிய பகுதியைத் தேடிப் பிடித்துத்தான் விட வேண்டும். ஒரே நகரம், மூன்று விடை. வண்டலோடு விட்டால் எந்தக் குழியும் சில ஆண்டுகளில் அடைத்துக்கொள்ளும். தெருத் தண்ணீரை வடிகட்டாமல் நேராகப் போருக்குள் விடுவதோ, எல்லோரும் குடிக்கும் பாத்திரத்தில் சாக்கடையை ஊற்றுவதற்குச் சமம்.

மாமா அன்றிரவு நிறுத்தவில்லை. எழுநூற்றிருபது அடியில் ஒரு இஞ்ச் தண்ணீர் வந்தது. இரண்டு கோடை ஓடியது. மூன்றாவது கோடையில் மோட்டார் நாற்பது நிமிடம் ஓடினால் ஒரு மணி நேரம் ஓய்வு கேட்டது. அதற்குள் நான் நீர்நிலவியல் தாளை எழுதித் தேறியிருந்தேன். ஊருக்குப் போனபோது, தென்னை மட்டையும் உடைந்த ஓடும் கொட்டிக் கிடந்த தாத்தாவின் பழைய கிணற்றைத் தூர்வாரச் சொன்னேன். ஒரு நைலான் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, முனையில் ஒரு பெரிய நட்டைக் கட்டி மாமாவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில், மோட்டார் போடுவதற்கு முன், மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனையாவது முடிச்சில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன்.

இப்போதும் மாதம் ஒருமுறை அந்த எண்ணிலிருந்து போன் வருகிறது. நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "மாப்பிள்ளை, முப்பத்து நாலு. போன மாதம் முப்பத்தொன்று" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.